சம்பளத்தில் பாகுபாடு... ஆதாரம் மட்டும் கம்பெனி பீரோவில்! தொழிலாளி அதை வெளியே கொண்டுவருவது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் ஒரு ஷிப்ட் முடிகிறது. ஒரே லைனில், ஒரே மெஷினில், ஒரே எண்ணிக்கை பீஸ் முடித்த ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கம்பெனி பஸ்சில் ஏறுகிறார்கள். பேச்சுவாக்கில் சம்பளம் பற்றிப் பேச்சு வருகிறது. தன்னைவிட அவருக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் அதிகம் என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிகிறது. மறுநாள் ஹெச்.ஆரிடம் போய்க் கேட்டால், "அவர் கிரேடு வேற, உங்க கிரேடு வேற" என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிடுகிறது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் சம்பளப் பாகுபாடு புகார்கள் பெரும்பாலும் தொடங்கும் இடமும், அப்படியே அமுங்கிப்போகும் இடமும் இதுதான். கிரேடு வேறு என்றால் யார் பிரித்தது, எதை வைத்துப் பிரித்தது, அந்த கிரேடில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில் எல்லாம் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. தொழிலாளியின் கையில் இருப்பது தன்னுடைய சம்பள ரசீது மட்டும்.

விசாரணை தொடங்கும் முன்பே எதிர்த்தரப்பிடம் இருக்கும் ஆவணங்களையும் தகவல்களையும் சட்டப்படி வெளியே வரவைப்பதை வக்கீல்கள் 'டிஸ்கவரி' என்கிறார்கள். இந்தியாவில் இது எப்படி நடக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று பார்ப்போம்.

ஓசூருக்கு இது ஏன் முக்கியம்?

நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பங்கு வேகமாக வளர்ந்து வருகிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று 1980-களில் இருந்தே தொழில் நகரமாக இருந்த ஓசூரை ஒட்டி இப்போது ஐபோன் பாகங்கள் தயாரிக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. போச்சம்பள்ளியில் உள்ள ஓலா ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களாலேயே இயக்கப்படும் என்று 2021-ல் அந்த நிறுவனம் அறிவித்தது. தமிழ்ப் பெண்களோடு ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களில் இருந்து வந்த பெண்களும் விடுதிகளில் தங்கி இந்தப் பகுதியில் வேலை பார்க்கிறார்கள்.

இந்த நிறுவனங்கள் மீது புகார் என்று இதற்கு அர்த்தமில்லை. பெண் தொழிலாளர்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஊரில், நாளை ஒரு புகார் வந்தால் அதை நிரூபிக்க என்ன வழி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கான பாடம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது?

2024 ஜூன் 25. ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. 2022-ல் வேலைக்கு ஆள் எடுப்பதில் சில குறைகள் இருந்ததாகவும், அவற்றைச் சரிசெய்துவிட்டதாகவும் ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் விளக்கம் கொடுத்தன. திருமணத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதாகச் சொல்வதை ஃபாக்ஸ்கான் மறுத்தது.

மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது. 2024 ஜூலை 1-ம் தேதி அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். அதே நாளில் தேசிய மனித உரிமை ஆணையமும் மத்திய தொழிலாளர் துறைச் செயலாளருக்கும் தமிழ்நாடு தலைமைச் செயலாளருக்கும் நோட்டீஸ் அனுப்பியது.

அதிகாரிகள் ஆலையில் வேலை பார்க்கும் திருமணமான பெண்கள் 40 பேரிடம் பேசினார்கள். யாரும் பாகுபாடு இருப்பதாகச் சொல்லவில்லை. ஆலையில் இருந்த 33,360 பெண்களில் 2,750 பேர் திருமணமானவர்கள் என்றும் பதிவு செய்தார்கள். அதாவது சுமார் 8 சதவீதம்.

இந்த அறிக்கையை மனித உரிமை ஆணையம் ஏற்கவில்லை. வேலைக்கு ஆள் எடுத்தது தொடர்பான ஆவணங்களை அதிகாரிகள் பரிசோதிக்கவே இல்லை, பிரச்னையின் மையத்தைத் தொடவே இல்லை என்று சொல்லி மறுபடியும் விசாரிக்க 2024 நவம்பரில் உத்தரவிட்டது. இந்தத் தகவல் 2025 ஜனவரியில் வெளியே வந்தது.

இங்கதான் விஷயமே இருக்கு. புகார் என்ன? 'உள்ளே விடவில்லை' என்பது. விசாரித்தது யாரை? உள்ளே போய்விட்டவர்களை! வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த 40 பேரில் இருக்க வாய்ப்பே இல்லை. அதோடு, வேலையில் இருப்பவர் தன் கம்பெனி வளாகத்துக்குள் உட்கார்ந்து அதிகாரியிடம் மனம்திறந்து பேசுவாரா என்பதும் சந்தேகம்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய ஆவணங்கள் வேறு. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் திருமணமானவர்கள் எத்தனை பேர், யார் எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டார்கள், ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளுக்கு என்ன அறிவுரை போனது? மின்னஞ்சல்களும் வேலை விளம்பரங்களும்தான் இதற்கு சாட்சி. விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாம் என்று ஏஜென்சிகளிடம் ஃபாக்ஸ்கான் சொன்னதாக 2024 நவம்பரில் ராய்ட்டர்ஸ் மற்றொரு செய்தி வெளியிட்டது. விளம்பரம் மாறியது நல்ல விஷயம். ஆனால் பழைய விளம்பரத்தை யாராவது போட்டோ எடுத்து வைத்திருந்தால்தான் முன்பு என்ன இருந்தது என்பதைக் காட்ட முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சம வேலைக்குச் சம ஊதியம் தர வேண்டும் என்பது 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. இப்போது அந்தச் சட்டம் 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டிய பிரிவுகள் இவை:

பிரிவு 3: ஒரே வேலை அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்கு, பாலினத்தை வைத்துச் சம்பளத்தில் வித்தியாசம் காட்டக் கூடாது. ஆள் எடுப்பதிலும் காட்டக் கூடாது. சமமாக்குகிறேன் என்று சொல்லி யாருடைய சம்பளத்தையும் குறைக்கவும் கூடாது.

பிரிவு 4: இரண்டு பேர் செய்வதும் ஒரே தன்மையுள்ள வேலையா என்று தகராறு வந்தால், அரசு நியமிக்கும் அதிகாரி முடிவு செய்வார்.

பிரிவு 45: சம்பளக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு போடலாம். தொழிலாளி நேரடியாகப் போடலாம், அவர் உறுப்பினராக இருக்கும் சங்கம் போடலாம், ஆய்வாளரும் போடலாம். பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம். காலக்கெடு 3 ஆண்டுகள். பாக்கித் தொகையோடு, அதில் 10 மடங்கு வரை இழப்பீடு தர உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

பிரிவு 50: நிறுவனம் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு ஆகியவற்றைப் பராமரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சம்பள ரசீது கொடுக்க வேண்டும்.

பிரிவு 59: சம்பளம் குறைவாகக் கொடுத்தார்கள் என்று கோரிக்கை வந்தால், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

ஆவணத்தை வரவைப்பது எப்படி?

சாதாரண சிவில் வழக்குகளில் இதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 11 இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு எழுத்துமூலம் கேள்விகள் அனுப்பிப் பிரமாணத்தோடு பதில் வாங்கலாம். என்னென்ன ஆவணங்கள் கைவசம் உள்ளன என்று பட்டியல் கேட்கலாம். அவற்றை நேரில் பார்வையிடலாம். கோர்ட் உத்தரவு போட்டும் தராமல் இழுத்தடித்தால், எதிர்த்தரப்பின் வாதத்தையே நீக்கிவிட முடியும்.

சம்பளப் பாகுபாட்டு வழக்குகள் பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குப் போவதில்லை. பிரிவு 45-ன்கீழ் உள்ள அதிகாரியிடம் போகின்றன. அவருக்கு ஆணை 11 மொத்தமும் கிடைக்காவிட்டாலும், முக்கியமான ஆயுதம் இருக்கிறது. சாட்சிகளை வரவழைப்பது, ஆவணங்களைத் தாக்கல் செய்ய வைப்பது ஆகியவற்றில் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. தொழிலாளர் நீதிமன்றங்களுக்கும் இதே மாதிரி அதிகாரம் இருக்கிறது.

ஆனால் அது தானாக நடக்காது. தொழிலாளி தரப்பு கேட்க வேண்டும், அதுவும் குறிப்பாகக் கேட்க வேண்டும். 'எல்லா ரெக்கார்டும் வேணும்' என்று பொத்தாம்பொதுவாக மனு போட்டால், 'ஏதாவது கிடைக்குமா என்று வலை வீசுகிறார்' என்று கம்பெனி வக்கீல் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவார். 'இன்ன பிரிவில், இன்ன லைனில், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை வேலை பார்த்த அனைவரின் சம்பளப் பதிவேடு, நியமன உத்தரவு, கிரேடு நிர்ணயித்த குறிப்பு, சங்கத்தோடு போட்ட ஊதிய ஒப்பந்தம்' என்று கேட்டால் மறுப்பது கஷ்டம்.

'மற்றவர்களின் சம்பளம் தனிப்பட்ட விவரம்' என்பது கம்பெனிகள் அடிக்கடி சொல்லும் பதில். அதற்கும் வழி இருக்கிறது. பெயரை மறைத்து, பாலினம், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம் ஆகியவற்றை மட்டும் தரும்படி கேட்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும்.

தராவிட்டால் என்ன ஆகும்?

பதிவேடு பராமரிக்காவிட்டால் சட்டத் தொகுப்பின்படி அதிகபட்ச அபராதம் 10 ஆயிரம் ரூபாய். ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கும் ஆலைக்கு இது ஒரு நாள் கேன்டீன் செலவுக்குக்கூட வராது. இந்த அபராதத்தை நம்பி எந்த வழக்கும் ஜெயிக்காது.

பலம் இருப்பது சாட்சியச் சட்டத்தில். கையில் வைத்திருக்கும் ஆவணத்தைக் காட்ட மறுத்தால், அதைக் காட்டியிருந்தால் தனக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளலாம். பழைய சட்டத்தில் பிரிவு 114-ல் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 119-ல் இருக்கிறது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. எல்லம்மா தேவிக்கு நேர்ந்துவிட்ட மாதிரி 'ஆவணம் வரல, அதனால் நான் ஜெயிச்சேன்' என்று இருந்துவிட முடியாது. ஆர்.எம்.யெல்லட்டி வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தினக்கூலி வேலையில் தொழிலாளியிடம் நியமனக் கடிதமோ ரசீதோ இருப்பது அரிது, அதனால் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லி முதலாளியைக் கேட்பதே அவருக்கு உள்ள வழி என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் பாதகமான அனுமானம் அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்றும் சொன்னது. அதாவது தொழிலாளி முதலில் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும், ஆவணத்தை முறைப்படி கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் கம்பெனி மௌனமாக இருந்தால்தான் அந்த மௌனத்துக்கு விலை.

'கிரேடு வேற' வாதம் கோர்ட்டில் நிற்குமா?

1987-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: வெறும் பெயர் வித்தியாசம் நிற்காது.

மும்பையில் இருந்த மக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் ஆட்ரி டி'கோஸ்டா சுருக்கெழுத்தராக இருந்தார். 1977 ஜூனில் வேலை போனது. ஆண் சுருக்கெழுத்தர்களைவிடத் தனக்குக் குறைவாகச் சம்பளம் கொடுத்தார்கள் என்று 1976 சட்டத்தின்கீழ் மனு போட்டார். கம்பெனியின் பதில் என்ன தெரியுமா? 'இவர்கள் உயரதிகாரிகளோடு இணைக்கப்பட்ட ரகசியப் பணிச் சுருக்கெழுத்தர்கள், தனிப் பிரிவு. சம்பளமும் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுத்தோம்.' நிதி நிலைமை சரியில்லை என்றும் சொன்னார்கள்.

உச்ச நீதிமன்றம் மூன்றையும் ஏற்கவில்லை. பதவியின் பெயரைப் பார்க்காமல், அன்றாடம் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்தது. சங்கத்தின் கையெழுத்து இருந்தாலும் பாகுபாடு பாகுபாடுதான், பணமில்லை என்பதும் சாக்காகாது என்றது. அவருக்குச் சேர வேண்டிய பாக்கி 7,196 ரூபாய் 67 காசு. தொகை சின்னது. ஆனால் இன்றும் சம ஊதிய வழக்குகளில் முதலில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

கவனிக்க வேண்டியது, அந்த வழக்கில் ஊதிய ஒப்பந்தமும் வேலை விவரமும் விசாரணையில் மேசைக்கு வந்தன. அவை வராமல் இருந்திருந்தால் 'தனிப் பிரிவு' என்ற சொல்லோடு கதை முடிந்திருக்கும்.

திருமணத்தைக் காரணம் காட்டினால்?

1965-லேயே ஒரு பதில் இருக்கிறது. ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில், கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று பெண்களுக்கு நிபந்தனை இருந்தது. பாம்பே லேபர் யூனியன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நியாயமற்றது என்று ரத்து செய்தது. 2024 பிப்ரவரியில், திருமணம் செய்ததற்காக ராணுவ செவிலியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்தது பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இருவரும் ஏற்கனவே வேலையில் இருந்தவர்கள், விதியும் எழுத்தில் இருந்தது. வேலைக்கே எடுக்கப்படாதவரின் நிலை வேறு. அவருக்குச் சம்பளப் பாக்கி என்று எதுவும் இல்லை, கையில் ரசீதும் இல்லை. புதிய சட்டத் தொகுப்பில் 'பாலினம்' என்றுதான் இருக்கிறது, 'திருமண நிலை' என்ற சொல் இல்லை. ஆவணம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அதைக் கேட்கும் வழி குறுகலாக இருக்கிறது.

ஓசூரின் இரண்டு தனிச் சிக்கல்கள்

முதலாவது, காண்ட்ராக்ட். ஒரே லைனில் நிற்கும் நான்கு பேரில் ஒருவர் நிரந்தரம், மூன்று பேர் மூன்று காண்ட்ராக்டர்களின் ஆட்கள் என்பது இங்கே சர்வ சாதாரணம். பிரிவு 3 'ஒரே முதலாளி' என்று சொல்வதால், 'அவர் எங்க ஆளே இல்லை' என்ற வாதம் வரும். அதனால் மனுவில் காண்ட்ராக்டர், ஆலை நிர்வாகம் இரண்டு பேரையும் சேர்ப்பதும், இரண்டு பேருக்கும் இடையேயான ஒப்பந்தத்தைக் கேட்பதும் முக்கியம். கேட்-பாஸ் பதிவு, ஷிப்ட் ரோஸ்டர், சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரூப் மெசேஜ் ஆகியவை யார் யாருக்கு உத்தரவு போட்டார்கள் என்பதைக் காட்டும்.

இரண்டாவது, எல்லை. வீடு ஓசூரில், வேலை அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ என்று தினமும் போய்வருபவர்கள் ஏராளம். வீட்டு முகவரியை வைத்து இங்கே மனு போட்டால் செல்லாது. வேலை நடந்த இடம் கர்நாடகத்தில் இருந்தால் கர்நாடக அதிகாரியிடம்தான் போக வேண்டும். தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலைவதற்குள் மூன்று வருடக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண் குட்இயர் டயர் ஆலையில் ஏறக்குறைய 19 ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆண்களைவிடக் குறைவாக வாங்குகிறோம் என்பதே யாரோ பெயரில்லாமல் எழுதிவைத்த ஒரு துண்டுச்சீட்டால்தான் அவருக்குத் தெரிந்தது. வழக்கு போட்ட பிறகு முழு விவரம் வெளியே வந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களுக்கு 4,286 முதல் 5,236 டாலர் வரை.

ஆனால் 180 நாள் கெடுவுக்குள் புகார் தரவில்லை என்று 2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெரியாத விஷயத்துக்கு எப்படி 180 நாளில் புகார் தருவது என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்து, 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே புதுச் சட்டம் வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. அங்கே 2023-ல் வந்த விதிப்படி, தன்னைப் போன்ற வேலை செய்யும் ஆண்கள், பெண்களின் சராசரிச் சம்பளத்தை வழக்கு போடாமலேயே தொழிலாளி கேட்டு வாங்கலாம். சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனி தடை போட முடியாது. உறுப்பு நாடுகள் இதற்குச் சட்டம் இயற்ற 2026 ஜூன் 7 வரை கெடு கொடுக்கப்பட்டது. இந்தியாவின் ஊதியச் சட்டத் தொகுப்பில் இப்படி ஒரு உரிமை இல்லை.

சரி, தொழிலாளி இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

* மாதா மாதம் சம்பள ரசீதைக் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். அது உங்கள் சட்டப்பூர்வ உரிமை.

* வேலை விளம்பரம், வாட்ஸ்அப்பில் வந்த ஆள்சேர்ப்பு மெசேஜ், நோட்டீஸ் போர்டு அறிவிப்பு ஆகியவற்றைத் தேதியோடு சேமியுங்கள்.

* போன் மாற்றும்போது பழைய மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும். மூல போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

* எந்த மெஷின், எந்த லைன், எந்த ஷிப்ட், கூட யார் வேலை பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஆவணத்தைக் குறிப்பாகக் கேட்க இதுதான் உதவும்.

* கம்பெனியின் உள் ஆவணங்களை அனுமதி இல்லாமல் காப்பி எடுக்காதீர்கள். அது உங்கள் மீதே நடவடிக்கையாகத் திரும்பலாம். அவற்றைக் கேட்டு வாங்கத்தான் அதிகாரி இருக்கிறார்.

* தனியாகப் போவதைவிடச் சங்கம் மூலமோ நான்கு பேர் சேர்ந்தோ மனு போடுவது பாதுகாப்பு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே அங்கு இலவச சட்ட உதவி உண்டு.

ஃபாக்ஸ்கான் விவகாரத்தில் மனித உரிமை ஆணையம் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: ஆவணத்தைப் பார்த்தீர்களா? ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ நாளை ஒரு பெண் மனுவோடு தொழிலாளர் துறை அலுவலகத்தின் படியேறினால், அதிகாரி கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். அதிகாரி கேட்க மறந்தால், ஞாபகப்படுத்த அந்தப் பெண்ணுக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.